வழுக்கு ஏற்றத்தில் ஏறும் வண்டி

பாணி,

வண்டியை விற்க மாட்டேன். முதலில் இதை எழுதிவிடுகிறேன். மீதியைப் படிப்பதும் படிக்காததும் உன் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதையெல்லாம் நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். "அந்த வண்டிய கல்யாணத்துக்கு முன்னாடி யாருக்காச்சும் தள்ளி விட்ரும்மா. மறுவீட்டுக்குக் கொடைக்கானல்லயே ஓட்டல் ரூம் போட்டுட்டேன், யாரும் நம்ம ஊருக்கு ஏறி வர வேணாம்" என்றாய். நான் வாயைத் திறந்ததும் டவர் விட்டு விட்டு வருகிறது என்று வைத்துவிட்டாய். டவர் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு மேலே பாறை மேட்டில் நின்றால் எப்போதும் கிடைக்கும் என்று உனக்கும் தெரியும். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். காகிதத்தில் எழுதினால் டவர் போகாது, அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். சாமான் மடித்து வந்த பேப்பரைப் படித்துப் படித்துத் தானாகக் கற்றுக்கொண்ட எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள் என்று கேட்க மாட்டேன். வண்டியையும் இப்படித்தான் கற்றுக்கொண்டேன், அது ஓடுகிறது.

நீ சொன்ன காரணம் பெண் வீட்டார். பழனி அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருப்பவர்கள், சகுனம் பார்ப்பவர்கள், ஆள் செத்த வண்டி வாசலில் நிற்கிற வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப யோசிக்கிறார்கள் என்றாய். அவர்கள் யோசிக்கவில்லை. ஆவணியில் கௌரியும் அவள் அம்மாவும் வீடு பார்க்க வந்தார்கள். உனக்கு லீவு கிடைக்கவில்லை. தார் ரோடு முடிகிற ஊர்ப் பொது மந்தைவரை வாடகைக் காரில் வந்தார்கள். அங்கிருந்து நம் தோட்டத்து வீட்டுக்கு மண் பாதையில் நான்தான் அதே வண்டியில் ஏற்றி வந்தேன். சம்பந்தியம்மா கதவுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்றபடி வந்தார். கௌரி நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஓடையைத் தாண்டி வழுக்கு ஏற்றம் தொடங்குகிற இடத்தில் அவள் என்னைக் கேட்டாள்: "அத்தை, மாமா ஓட்டிட்டுப் போறப்பதான் வண்டி பொரண்டுச்சுன்னு அவங்க சொன்னாங்க. அது எந்த எடத்துல?" அப்போதுதான் நீ அவளிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. "ஏத்தத்துல பேசுனா கியரு தப்பும்மா" என்று மட்டும் சொன்னேன். வண்டி அவர் செத்த இடத்தின் மேலேயே ஏறிப் போனது.

வண்டி புரளவில்லை. உங்கப்பா ஓட்டவில்லை. ஓட்டியது நீ. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மந்தையில் வெயில் காய்கிற நாய்க்கும் தெரியும். தாலி வாங்கப் போகிற பெண்ணுக்கு மட்டும் தெரியாது. மருமகளாக மந்தையில் இறங்கி நின்ற அன்றைக்கே தண்ணீர்க் குழாயடியில் எவளாவது சொல்லிவிடுவாள் என்பதால்தான் ஓட்டல் ரூம். மறுபடி வீட்டுக்கு வந்து வாசலில் அதைப் பார்த்தால் இன்னும் கேள்வி வரும் என்பதால்தான் வண்டியை விற்கச் சொல்கிறாய். சகுனத்தின் மேல் பழியைப் போடாதே. அவர்கள் வணங்குகிற முருகனையும் இதில் இழுக்காதே.

அன்றைக்கு நடந்ததை நீ எட்டு வருஷமாக உன் தலைக்குள் திருத்தித் திருத்தி வைத்திருப்பாய். நான் பார்த்ததை எழுதுகிறேன். ஐப்பசி, விடாத மழை. மேல்தோட்டத்தில் கேரட் பிடுங்கி மூட்டை கட்டிவிட்டோம். பிடுங்கிய கேரட் அன்றைக்கே இறங்கியாக வேண்டும். உங்கப்பா ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி வியாபாரியிடம் பழசாக வாங்கிய பிக்கப் வண்டி, பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. மூட்டை ஏற்ற மேலே வரும்போது வண்டி காலி. காலியாக இருந்தால் பின்னால் பாரமில்லாமல் சக்கரம் சேற்றில் சும்மா சுற்றும். இதற்கு நம் ஊரில் காலங்காலமாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மூட்டை இல்லையா, ஆளை ஏற்று. கூலிக்கு வந்தவர்கள், பாதையில் போகிறவர்கள், யாராக இருந்தாலும் பின்படியில் ஏறி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு "குதி, குதி" என்று குதிப்பார்கள். அந்தப் பாரத்தில் சக்கரம் சேற்றைக் கடிக்கும், வண்டி எகிறும், எல்லாரும் சிரிப்பார்கள். சேற்று மழையில் நமக்கெல்லாம் அது ஒரு விளையாட்டாகவே இருந்தது.

அன்றைக்கு நீ லைசென்ஸ் எடுத்த புதுசு. "ஏலே, நீ ஓட்டு. ஸ்டீயரிங்க நேரா வச்சுக்க. நான் பின்னால பாரத்துக்கு நிக்கிறேன்" என்று உங்கப்பாதான் சாவியைத் தந்தார். அவரோடு பேத்துப்பாறையிலிருந்து கூலிக்கு வந்த மூன்று பேர் ஏறி நின்றார்கள். நான் மேலே மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குதித்தார்கள். சக்கரம் பிடித்தது. வண்டி ஒரு முழம் எகிறியது. உங்கப்பா கம்பியை விட்டு மல்லாக்க விழுந்தார், விழும்போதும் சிரித்த முகம்தான். சத்தம் கேட்டு நீ பிரேக்கை மிதித்தாய். வண்டி நின்றிருக்க வேண்டும். நான்கு சக்கரமும் சுற்றாமல் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன், ஆனால் வண்டி நிற்கவில்லை. வெண்ணெய்க்கட்டி இலையில் நழுவுவது போலப் பின்பக்கமாக நழுவி வந்தது. மற்ற மூன்று பேரும் குதித்து ஒதுங்கினார்கள். அவருக்கு எழுந்திருக்க நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் நீ பேசிய ஒரே பேச்சு "பிரேக் பிடிக்கலம்மா" என்பதுதான். காரியம் முடிகிறவரை அதையே சொன்னாய். கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறும்போதும் படியில் நின்று அதையே சொன்னாய். சரி, பிள்ளை சொல்கிறான், பார்த்துவிடுவோம் என்று வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு செண்பகனூருக்குப் போனேன். அங்கே ரோட்டோரம் ஷெட் போட்டிருக்கும் ஆரோக்கியத்தை உனக்குத் தெரியும், வெல்டிங்கும் மெக்கானிக் வேலையும் பார்க்கிறவன். நான்கு சக்கரத்தையும் கழற்ற வைத்தேன். அவன் ஒவ்வொன்றாகத் துடைத்துக் காட்டினான்.

"அக்கா, பிரேக் ஷூ நல்லாக் கெடக்கு. ஆயில் எங்கயும் ஒழுகல."

"அந்த பிரேக் கொழாயப் பாரு."

"அதையும் பாத்தாச்சுக்கா."

"இன்னொரு தடவ பாரு."

பார்த்தான். அப்புறம் சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டான். "அக்கா, நீங்க கொற இருக்கணும்னு பாக்குறீங்க. இருந்தா நான் சொல்ல மாட்டனா?" என்றான். அவன் சொன்னது சரி. நான் குறையைத் தேடித்தான் போனேன். ஒரு கிழிந்த குழாய், ஒரு தேய்ந்த ஷூ, ஏதாவது ஒன்று கையில் கிடைத்தால் உன்னிடம் கொண்டுவந்து காட்டலாம் என்று போனேன். கிடைக்கவில்லை. பிரேக் பிடித்தது, பாணி. சேறுதான் பிடிக்கவில்லை. அன்று சாயங்காலமே போன் போட்டு உனக்குச் சொன்னேன், நீ போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்துதான் ஊருக்கு வருவதை நிறுத்தினாய். ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் நீ பொங்கலுக்குப் பொங்கல் வந்திருப்பாய் என்று உன் சித்தி இன்றைக்கும் என்னைத் திட்டுகிறாள். இருக்கலாம். இல்லாத குற்றத்தை என்னால் ஒரு இரும்பின் மேல்கூடப் போட முடியாது.

அப்படியானால் குற்றம் என்னுடையதுதானே என்று கேட்பாய். இதற்கு நான் இனிப்பாகப் பதில் சொல்ல மாட்டேன். நீ ஓட்டினாய், அவர் செத்தார். இரண்டையும் மாற்ற முடியாது. ஆனால் நீ கொன்றாய் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, நினைத்திருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியும். மனிதனை மூட்டை மாதிரி அடுக்கி வண்டி ஓட்டுகிற வழக்கம் ஒன்று இருக்கிறதே, அதைத் தப்பு என்று இந்த ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை. செத்தவரும் சொன்னதில்லை. எனக்குக் கோபம் அங்கேதான். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்க எனக்குச் சோலி இல்லாமல் இல்லை. வண்டியை மாற்றினேன்.

உன் பெரியப்பா அப்போது வாசலில் வந்து நின்றது உனக்குத் தெரியாது. "இது பொம்பள ஓட்டுற வண்டியா? பேசாம தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டு வீட்டுல கெட" என்றார். குத்தகைக்கு எடுக்க அவரே தயாராக இருந்தார், அதைச் சொல்லவில்லை. "மிதிக்கிறது ஆம்பளக் காலா பொம்பளக் காலான்னு வண்டிக்குத் தெரியுமா மாமா?" என்று கேட்டேன். பூண்டு எடுத்துக் காலியாய்க் கிடந்த தோட்டத்தில் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்திப் படித்தேன். வரப்பில் இடித்தேன், கோழிக் கூண்டை நசுக்கினேன். லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் "இந்த வயசுல எதுக்கு பாட்டி?" என்று ஒரு பையன் சிரித்தான். "உன்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போக" என்றேன். எட்டுப் போட்டுக் காட்டினேன், சிரிப்பு நின்றது.

முதல் வேலையாக ஸ்பிரிங்கில் கை வைத்தேன். பூண்டு மூட்டைக்குத் தாங்க வேண்டும் என்று உங்கப்பா பின்னால் கூடுதலாக ஒரு பட்டை போட்டிருந்தார். பாரம் இருந்தால் அது சரி. காலி வண்டியில் அந்த ஸ்பிரிங் இரும்புக் கட்டில் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இன்னொன்று அந்தரத்தில் தொங்கும். தொங்குகிற சக்கரம் எங்கே இழுக்கும்? அந்தப் பட்டையைக் கழற்றச் சொன்னேன். "ஊரே பட்ட போட வருது, நீங்க எடுக்க வர்றீங்களே" என்று ஆரோக்கியம் தலையைச் சொறிந்தான். மூட்டையைக் குறைத்து இரண்டு நடையாக ஏற்றிக்கொள்கிறேன் என்றேன். இன்றுவரை அப்படித்தான் ஏற்றுகிறேன். அதிகமாக டீசல் போகிறது, போகட்டும்.

இடையில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன், அதையும் தெரிந்துகொள். கொடைக்கானலில் டூரிஸ்டுகளை ஏற்றி ஜீப் ஓட்டுகிற ஒருவன், "அக்கா, வண்டிய நல்லாத் தூக்கி, பெரிய டயரா மாட்டுங்க, எங்க வேணாலும் ஏறும்" என்றான். அவன் பேச்சைக் கேட்டுத் தூக்கினேன். பார்க்க யானை மாதிரி நின்றது. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது, எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது. மறுநாள் ஓடைக்கரைச் சரிவில் பக்கவாட்டில் போகும்போது மேட்டுப் பக்கத்துச் சக்கரம் தரையை விட்டது. ஒரு கணம் என் கண்ணெதிரே வானம்தான் தெரிந்தது. எஞ்சினை நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு மேட்டுப் பக்கத்துக் கதவு வழியாக இறங்கினேன். பள்ளத்துப் பக்கச் சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். பிறகு ஆரோக்கியம் வந்து குனிந்து பார்த்தபோது, தூக்கிய தூக்கில் பிரேக் குழாய் முறுக்கிய கயிறு மாதிரி இழுபட்டு நின்றது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் அறுந்திருக்கும். நீ சொன்ன பொய்யை நானே உண்மையாக்கியிருப்பேன். உடனே இறக்கினேன். இப்போது பழைய உயரத்துக்கு மேல் இரண்டு விரற்கடைதான், குழாயும் நீளமாக மாற்றியாகிவிட்டது. உயரமாக நிற்கிற வண்டியைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். தரையை விடாமல் தொட்டுக்கொண்டு போகிற வண்டிதான் காட்டுப் பாதைக்கு வேண்டும்.

டயர் மட்டும் கட்டை கட்டையாக மேடு இருக்கிற பட்டன் டயர், பழைய அளவுதான். சேற்றுக்குள் இறங்குமுன் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன், டயர் பரந்து மண்ணைப் பிடிக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் கால் பம்பால் அடித்துக்கொள்வேன். ஓடையில் தண்ணீர் ஏறினால் எஞ்சினுக்குள் போகாமலிருக்கக் காற்று இழுக்கிற குழாயை மேலே ஏற்றினேன். கீழே பாறை தட்டாமலிருக்க ஆயில் தொட்டிக்குத் தடித்த தகடு அடித்தேன். முன்னும் பின்னும் கொக்கி, சீட்டுக்குப் பின்னால் சங்கிலி, கையால் திருகி இழுக்கிற வின்ச் ஒன்று. சங்கிலியை மரத்தில் கட்டும்போது சாக்கைச் சுற்றிக் கட்ட வேண்டும், பட்டை அறுந்தால் மரம் காய்ந்துவிடும். ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால் கைப்பிரேக்கைக் கொஞ்சமாக இழுத்துப் பிடி, சுற்றுகிற சக்கரம் அடங்கும், சும்மா நிற்கிற சக்கரம் இழுக்கத் தொடங்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மழையில் தனியாக மாட்டிக்கொண்டு, கையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்ததில் தெரிந்தது.

பாரத்துக்கு என்ன செய்தேன் என்று நீ கேட்டதே இல்லை. வேலிக்கு ஊன்றியிருந்த கல்லுக்கால்களில் மூன்றைப் பிடுங்கி, அளவுக்கு உடைத்து, பின் அச்சுக்கு நேர் மேலே இரும்புச் சட்டத்தில் படுக்க வைத்து போல்ட் போட்டு இறுக்கினேன். மூன்று ஆள் எடைக்குக் குறையாது. "மைலேஜ் செத்துரும்க்கா" என்றான் ஆரோக்கியம். "சாகட்டும், ஆள் சாகாம இருந்தாப் போதும்" என்றேன். அவன் வெல்டிங் வைத்தான். கல் குதிக்காது. கல் கைதவறி விழாது. சாயங்காலம் ஆகியும் வரவில்லையே என்று கல்லுக்காக யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள்.

இவ்வளவு செய்தும் ஊர் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. போன மாசம் புரட்டாசி மழையில் உன் பெரியப்பாவின் வண்டி அதே ஏற்றத்தில் மாட்டிக்கொண்டது. வெள்ளனே முதல் பஸ்ஸில் வந்த பேத்துப்பாறை ஆட்களைப் பார்த்து, "ஏறி நில்லுங்க, வெரசா, கூலி வாங்குறீங்கள்ல" என்று கத்திக்கொண்டிருந்தார். செல்லத்தாயி மட்டும் ஏறவில்லை. அன்றைக்கு உங்கப்பாவோடு பின்படியில் நின்று குதித்து ஒதுங்கிய மூன்று பேரில் அவளும் ஒருத்தி. "நான் களையெடுக்க வந்தேங்க, மூட்டையா நிக்க வரல" என்றாள். "அப்பப் பேத்துப்பாறைக்கே நடந்து போ" என்றார் இவர். நான் என் வண்டியைக் கொண்டுபோய்ப் பாதையின் நடுவில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். "ஆளை எறக்குங்க மாமா. சங்கிலி போட்டு நான் இழுக்கிறேன். இல்லன்னா ரெண்டு வண்டியும் இங்கயே கெடக்கட்டும்."

"பொம்பள வண்டி இழுத்து என் வண்டி ஏறணுமா?"

"ஏற வேணாம். கேரட்டு அழுகட்டும்."

அவர் கத்தினார், நான் உட்கார்ந்திருந்தேன். மழை கொட்டியது. கடைசியில் கேரட்டுக்காக இறங்கி வந்தார். கல்லும் பட்டன் டயரும் சேர்ந்து அவர் வண்டியை மேலே கொண்டுபோய் விட்டன. அவர் நன்றி சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. மறுநாளே பழையபடி ஆளை ஏற்றிக்கொண்டு போனார். செல்லத்தாயியை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். இப்போது அவள் நம் தோட்டத்தில்தான் வேலை செய்கிறாள். உன் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். நான் போய்க் கெஞ்சுவேன் என்று நினைத்தால் விட்டுவிடு.

இனி நீ செய்ய வேண்டியது. தாலி கட்டுமுன் கௌரியிடம் சொல். போனில் சொல்லாதே, உனக்குப் போனை வைத்துவிடத்தான் தெரியும். பழனிக்குப் போய், அவள் முகத்தைப் பார்த்து, "நான் ஓட்டினேன், அப்பா பின்னால் நின்றார்" என்று சொல். பிரேக் பிடிக்கவில்லை என்று சேர்க்காதே. அவள் யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால், அது அவள் உரிமை. உன் வாயால் கேட்டுவிட்டுப் போகட்டும், குழாயடியில் கேட்டுவிட்டுப் போக வேண்டாம். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. செத்தவர் எந்த இடத்தில் செத்தார் என்று இத்தனை வருஷத்தில் என்னிடம் நேராகக் கேட்டது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். அவளுக்கு என் வாயால் பொய் சொல்ல மாட்டேன். உனக்குப் பதிலாக உண்மையையும் நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லவில்லை என்றால் மண்டபத்துக்கு வர மாட்டேன். மேடையில் அப்பா இடமும் காலியாக இருக்கும், அம்மா இடமும் காலியாக இருக்கும், அதற்கு என்ன காரணம் சொல்வாய் என்று நீயே யோசித்துக்கொள். இது மிரட்டல்தான். வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. என் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. கிளட்சை மிதித்தால் உயிர் போகிறது. ஓட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த மழைக்காலம் எப்படியாவது ஓட்டிவிடுவேன், அடுத்த மழைக்கு முடியாது. இதைச் சொல்லி உன்னை இங்கே இழுக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. உன் வேலை கோயம்புத்தூரில் இருக்கிறது, இருந்துகொள். நீ ஓட்டாவிட்டால் வண்டி வாசலில் நின்று துருப்பிடிக்கும், தோட்டம் உன் பெரியப்பா கைக்குப் போகும், நான் இதே வீட்டில் இருப்பேன். அப்படி ஆனாலும் விற்க மாட்டேன். அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் பூச்செடி வைத்தால் நடந்தது நடக்காமல் போய்விடாது.

நீ சொல்லிவிட்டாய், அதைக் கேட்டும் அவள் வந்தாள் என்றால், ஓட்டல் ரூமை வேண்டாமென்று சொல்லிவிடு. மறுவீட்டன்று மந்தையில் கோயிலுக்குப் பக்கத்தில் வண்டி நிற்கும். சாவி வண்டியிலேயே இருக்கும். நான் பக்கத்தில் நிற்பேன், ஓட்ட மாட்டேன். காற்றைக் குறைத்து வைத்திருப்பேன். ஐப்பசி, பாதை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். இரண்டாவது கியரில் எடு, முறுக்காதே. வழுக்குகிற மாதிரி இருந்தால் பிரேக்கைத் தொடாதே, வண்டி ஏறவில்லை என்றால் விட்டுக்கொடுத்துவிடு. ரிவர்ஸ் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு, எஞ்சின் பிடித்துக்கொண்டே இறக்கட்டும். கீழே போய் நின்று மறுபடி ஏறு. அன்றைக்கு இதை உனக்குச் சொல்ல ஆளில்லை. உங்கப்பாவுக்கே தெரியாது.

கௌரி நடுவில் உட்காரட்டும். நான் கதவோரம் உட்கார்ந்துகொள்கிறேன். ஏற்றத்தில் சக்கரம் ஒரு சுற்று சும்மா சுற்றினால் போதும், "பாரத்துக்கு நிக்கிறோம்" என்று நாலு பேர் ஓடி வருவார்கள், மாப்பிள்ளை வண்டி என்று சிரித்துக்கொண்டு வருவார்கள். நீ கண்ணாடியில் பார்க்காதே. போன வாரம் ஆரோக்கியத்திடம் கொண்டுபோய்ப் பின்படியையும் கைக்கம்பியையும் அடியோடு அறுத்துவிட்டேன். நிற்க அங்கே ஒன்றும் இல்லை.

அம்மா